மருந்தைக் கூட்டக் கூட்ட இறங்கிய ரத்த அழுத்தம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்குப் பகுதியில் உள்ள ஒரு சிறு நகரத்தின் மருத்துவமனை. அவசரப் பிரிவில் அன்று பணியில் இருந்தவன் நான். பொது மருத்துவம் படித்தவன். இதயநோய் நிபுணர் வாரத்தில் மூன்று நாட்கள்தான் வருவார், அன்று அவர் வரும் நாள் இல்லை. இதில் வரும் குடும்பத்தாரின் ஒப்புதலைப் பெற்றே எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

நோயாளி 42 வயதுப் பெண். பின்னலாடை நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்பவர். இரண்டு ஆண்டுகளாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சில் பாரம் வைத்ததுபோல இருக்கிறது என்று சொல்லிவந்திருக்கிறார். ஒரு மருத்துவர் வாயு என்றார். இன்னொருவர் பதற்றம் என்றார். ரத்தசோகை இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். அவருடைய பையில் மடித்து வைத்த ஒரு பழைய ஈசிஜி இருந்தது. அதன் ஓரத்தில் ‘எக்கோ பார்க்கவும்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். எக்கோ என்னும் இதய ஸ்கேன் பார்க்க வேண்டுமானால் ஒரு நாள் சம்பளம் போகும். அவர் பார்க்கவில்லை.

சாப்பிட்ட பிறகு கூடும் நெஞ்சுப் பாரம் என்பது இந்த நிகழ்வில் எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய முதல் துப்பு. உணவு செரிக்கும்போது குடலுக்கு ரத்தம் பாய்கிறது, ரத்தக் குழாய்கள் தளர்கின்றன. சில இதயங்களுக்கு அதுவே ஆகாது. அப்படிப்பட்ட இதயம்தான் இவருடையது.

சம்பவ நாள்

சித்திரை வெயில். வேண்டுதலுக்காகக் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்து மலைக்கோயில் படி ஏறியிருக்கிறார். உச்சிக்குச் சற்று முன்பாக நெஞ்சு இறுக்கி, கண் இருட்டி, விழுந்துவிட்டார். ஒரு நிமிடத்துக்குள் நினைவு திரும்பியது. கீழே தூக்கி வந்து அடிவாரத்தில் இருந்த கிளினிக்கில் காட்டினார்கள். அங்கே ஈசிஜி எடுத்து, மாரடைப்பாக இருக்கலாம் என்று நாக்குக்கு அடியில் நைட்ரேட் மாத்திரை வைத்து அனுப்பினார்கள். மாத்திரை வைப்பதற்கு முன் ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்ற குறிப்பு அந்தச் சீட்டில் இல்லை.

எங்களிடம் வந்தபோது பகல் 12.40. வியர்த்துக் குளிர்ந்திருந்தார். நாடித்துடிப்பு 112, ரத்த அழுத்தம் 84/50. நெஞ்சு வலி குறையவில்லை. ஈசிஜியில் அலைகள் மிக உயரமாக இருந்தன. இடப்பக்கப் பதிவுகளில் டி அலைகள் ஆழமாகத் தலைகீழாகியிருந்தன. இதயத்தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதம் சற்று உயர்ந்திருந்தது. மார்பெலும்பின் இடது ஓரத்தில் முணுமுணுப்பு ஒலி (மர்மர்) கேட்டது. “சிஸ்டாலிக் மர்மர் உண்டு” என்று நானே கேஸ் ஷீட்டில் எழுதினேன். எழுதினேனே தவிர, அதைப் பற்றி யோசிக்கவில்லை. இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் கசிவாக இருக்கும் என்று மனதில் ஒரு மூலையில் தள்ளிவிட்டேன்.

வலி, குறைந்த அழுத்தம், மாறிய ஈசிஜி, உயர்ந்த ட்ரோபோனின். நான்கையும் கூட்டினால் கிடைக்கும் விடை ‘மாரடைப்பால் வலுவிழந்த இதயம்’ என்பதே. வலுவிழந்த இதயத்துக்கு வலு சேர்க்கும் மருந்து டோபமின். ஆரம்பித்தேன்.

பதினைந்து நிமிடத்தில் அழுத்தம் 72. துடிப்பு 136. மருந்து போதவில்லை என்று நினைத்து அளவை இரட்டித்தேன். அழுத்தம் 64. நோயாளியின் முகம் சாம்பல் நிறமானது. நுரையீரலின் அடிப்பகுதியில் நீர் சேரும் ஒலி கேட்கத் தொடங்கியது.

அப்போது பக்கத்தில் நின்ற மூத்த செவிலியர் சொன்னார்: “சார், மருந்தைக் கூட்டக் கூட்ட பி.பி. இறங்குகிறது. மர்மர் முதலில் இருந்ததைவிடச் சத்தமாகக் கேட்கிறதா, பாருங்கள்.”

கேட்டேன். ஸ்டெதஸ்கோப்பை வைத்தவுடனே காதில் அறைந்தது.

எக்கோவில் தெரிந்தது

பக்கத்து அறையிலிருந்து எக்கோ கருவியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். நான் எதிர்பார்த்தது மந்தமாக அசையும் ஓர் இதயம். திரையில் தெரிந்தது வேறு. இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னை முழுவதுமாகப் பிழிந்துகொண்டிருந்தது. சுருங்கும்போது உள்ளே இடமே மிஞ்சவில்லை. இரு கீழறைகளுக்கும் இடையிலுள்ள சுவர் 21 மில்லிமீட்டர் தடித்திருந்தது; வழக்கமாக அது 11 மில்லிமீட்டரைத் தாண்டாது. ரத்தம் பெருந்தமனிக்குப் போகும் வாசலில், மைட்ரல் வால்வின் முன் இதழ் ஒவ்வொரு துடிப்பிலும் இழுக்கப்பட்டு அந்தத் தடித்த சுவரில் போய் ஒட்டியது. கீழறைக்கும் பெருந்தமனிக்கும் இடையே அழுத்த வேறுபாடு 110.

இது ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்னும் இதயத்தசைத் தடிப்பு நோய். அதாவது இதயம் வலுவிழக்கவில்லை. அளவுக்கு மீறிய வலுவோடு சுருங்கி, தன் வாசலைத் தானே அடைத்துக்கொண்டிருந்தது. நான் கொடுத்த டோபமின் அந்த வலுவை மேலும் கூட்டியது. வாசல் மேலும் அடைபட்டது. அடைபட்டதால் பின்னால் தேங்கிய ரத்தமே நுரையீரலில் நீராகக் கசிந்தது.

தொலைபேசியில் இதயநோய் நிபுணர் கேட்டது ஒரே கேள்வி: “உள்ளறை காலியாக இருக்கிறதா?” ஆம் என்றேன். “டோபமினை இப்போதே நிறுத்துங்கள்.”

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

டோபமினை நிறுத்தினோம். அது ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும் மருந்து என்பது எங்கள் அதிர்ஷ்டம். கால்களை உயர்த்திப் பிடித்தோம். அடுத்த முடிவுதான் கடினமானது. நுரையீரலில் நீர் ஒலி இருக்கும்போது சலைன் ஏற்றுவதா? பழக்கம் சொல்வது, நீரைப் பிரித்து வெளியேற்றும் ஊசி போடு என்பது. ஆனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் மலை ஏறியவர்; அவருடைய கீழறை நிரம்பவே ரத்தம் இல்லை. நிரம்பாத அறையில் தடித்த சுவரும் வால்வு இதழும் இன்னும் நெருங்கி நிற்கும். அறையை நிரப்பினால்தான் அவை விலகும். 500 மில்லி சலைனை வேகமாக ஏற்றினோம். நீர் பிரிக்கும் ஊசியைத் தொடவில்லை.

கூடவே ஃபீனைலெஃப்ரின். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கும், இதயத்தைத் தூண்டாது. வெளியே எதிர்ப்பு கூடினால் வாசலில் ரத்தம் சீறிப் பாயும் வேகம் குறையும், வால்வு இதழ் சுவரோடு போய் ஒட்டுவதும் குறையும். அவசரப் பிரிவு அலமாரியில் அந்த மருந்து இல்லை. சிசேரியன் செய்யும்போது முதுகில் மயக்க ஊசி போட்ட பிறகு அழுத்தம் இறங்கினால் மயக்கவியல் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துவார்கள் என்பது நினைவுக்கு வந்து, மாடியிலுள்ள அறுவை அரங்கிலிருந்து ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். 100 மைக்ரோகிராம் வீதம் மூன்று முறை கொடுத்தோம்.

அழுத்தம் 92 வந்ததும் மெட்டோபுரோலால் ஊசியை மெதுவாகச் செலுத்தினோம். அதிர்ச்சி நிலையில் இருக்கும் ஒருவருக்கு இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து கொடுக்கும்போது என் கை நடுங்கியது உண்மை. இருபது நிமிடம் கழித்து அழுத்தம் 108/70, துடிப்பு 88. முணுமுணுப்பு பாதியாகக் குறைந்தது. அவர் தண்ணீர் கேட்டார்.

ஏன் இப்படி நடந்தது: மயோசின்

எனக்கு அந்த இரவு தூக்கம் வரவில்லை. படிப்பில் இதயத்தசைச் சுருக்கத்தைப் பற்றித் தேர்வு எழுதித் தேறியவன்தான். ஆனால் எனக்குக் கற்பிக்கப்பட்ட கதையில் பாதிதான் இருந்தது என்பதை அதன் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கற்பிக்கப்பட்ட பாதி இது. இதயத்தசை உயிரணுவுக்குள் இரண்டு வகை இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மெல்லிய இழை ஆக்டினால் ஆனது. தடித்த இழை மயோசினால் ஆனது. ஒரு தடித்த இழையில் ஏறத்தாழ 300 மயோசின் மூலக்கூறுகள்; ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள். கிணற்றில் ராட்டினம் இல்லாமல் கைமாற்றிக் கைமாற்றிக் கயிறு இழுப்பவரைப் பார்த்திருப்போம். அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். கயிறுதான் அவரை நோக்கி வருகிறது. கை பிடிக்கிறது, இழுக்கிறது, விடுகிறது, மேலே போய் மறுபடி பிடிக்கிறது. மயோசின் தலை செய்வதும் இதுவே. ஆக்டினைப் பற்றி, சில நானோமீட்டர் தூரம் இழுத்து, விட்டு, அடுத்த இடத்தைப் பற்றுகிறது. இப்படி எண்ணற்ற தலைகள் இழுப்பதன் கூட்டுத்தொகையே ஒரு துடிப்பு.

இதற்கான எரிபொருள் ஏ.டி.பி. அது எங்கே செலவாகிறது என்பதில் நாம் எளிதாகத் தவறிவிடுவோம். பிடித்து இழுக்கும் கணத்தில் ஏ.டி.பி. தேவைப்படுகிறது என்று தோன்றும். உண்மையில் புதிய ஏ.டி.பி. வந்து ஒட்டும்போதுதான் தலை ஆக்டினை விடுகிறது. பிறகு அதை உடைத்து, வில்லை நாணேற்றுவதுபோலத் தன்னை வளைத்துத் தயாராக்கிக்கொள்கிறது. மீண்டும் ஆக்டினைப் பற்றி, உடைந்த துண்டான பாஸ்பேட்டை வெளியேற்றும்போது இழுவை நடக்கிறது. இறந்த பிறகு ஏ.டி.பி. தீர்ந்துபோன உடல் ஏன் விறைக்கிறது என்பதற்கு விடையும் இதில் இருக்கிறது: விடுவிக்க ஏ.டி.பி. இல்லாததால் தலைகள் பிடித்த பிடியிலேயே நின்றுவிடுகின்றன. இதயம் தளர்வதும் உழைப்புத்தான்.

எப்போது இழுப்பது என்பதைக் கால்சியம் முடிவு செய்கிறது. ஓய்வில் ஆக்டினின் மேல் ட்ரோபோமயோசின் என்னும் நீண்ட புரதம் படுத்து, பிடிக்க வேண்டிய இடங்களை மறைத்திருக்கும். கால்சியம் பெருகி ட்ரோபோனினோடு சேர்ந்தால் அது விலகும், மயோசின் பற்றும். கால்சியம் வடிந்தால் மறுபடி மூடும். எங்கள் பாடம் இங்கே முடிந்தது. கதவு திறந்தால் எல்லாத் தலைகளும் பாய்ந்து இழுக்கும் என்றே நான் நம்பியிருந்தேன்.

கற்பிக்கப்படாத பாதி தடித்த இழைக்குள்ளேயே இருக்கிறது. எந்த ஒரு நேரத்திலும் மயோசின் தலைகளில் கணிசமான பங்கு வேலைக்கு வராமல் ஓய்வில் இருக்கிறது. ஒரே மூலக்கூறின் இரு தலைகளும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, பின்னோக்கி மடிந்து, தம் வாலோடு ஒட்டிப் படுத்துக்கொள்கின்றன. இந்த நிலையில் அவை ஏ.டி.பி.யைச் செலவழிக்கும் வேகம் சாதாரண ஓய்வில் இருக்கும் தலைகளைவிடப் பல மடங்கு குறைவு. இதை மீயோய்வு நிலை என்று சொல்லலாம். கதவு திறந்தாலும் இவை எழுந்து வருவதில்லை. எழுப்ப வேறு சமிக்ஞை வேண்டும். இவற்றைப் பிடித்து வைத்திருக்க மயோசின்-பிணைப்பு புரதம் சி என்னும் ஒரு காவலாளியும் உண்டு. எலும்புத் தசையில் இந்த நிலையை 2010இல் அளந்து காட்டினார்கள். இதயத்தசையில் அடுத்த ஆண்டே. மனித இதயத்தின் தடித்த இழையில் தலைகள் இப்படி மடிந்து கிடக்கும் காட்சியை உறைநிலை மின்னணு நுண்ணோக்கியால் 2023இல் மிக நுட்பமாகப் படம் எடுத்துவிட்டார்கள். அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது, வேலை முடித்துத் திண்ணையில் தோளில் தோள் சாய்த்துத் தூங்கும் இருவர்போல எனக்குத் தோன்றியது.

இந்த ஓய்வுப் படையே இதயத்தின் சேமிப்பு. நாம் ஓடும்போது, பயப்படும்போது, படி ஏறும்போது அட்ரினலின் போன்றவை வந்து இதயத்தசையின் பீட்டா ஏற்பியைத் தொடுகின்றன. உள்ளே புரதங்களில் பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. கால்சியம் கூடுகிறது, காவலாளியின் பிடி தளர்கிறது, படுத்திருந்த தலைகள் எழுந்து வருகின்றன. துடிப்பின் வலு கூடுகிறது. டோபமின் செய்வதும் இதுதான்.

இப்போது என் நோயாளியை நினைத்துப் பாருங்கள். பின்னர் செய்த மரபணுப் பரிசோதனையில், இதயக் கீழறையின் முதன்மை மயோசினான பீட்டா மயோசின் கனச் சங்கிலியை உருவாக்கும் மரபணுவில் நோய் உண்டாக்கும் மாற்றம் ஒன்று இருந்தது. தலைப் பகுதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. இத்தகைய மாற்றங்கள் பலவும் தலைகள் மடிந்து ஒட்டும் பரப்பைக் கெடுக்கின்றன. சாய்ந்து படுக்கத் தோள் பொருந்தாது. அதனால் ஓய்வில் இருக்க வேண்டிய தலைகளும் எந்நேரமும் எழுந்தே நிற்கின்றன. சுருக்கம் மிகுகிறது, தளர்வு குறைகிறது, எரிபொருள் வீணாகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி உழைக்கும் தசை தடிக்கிறது. சும்மா இருக்கும்போதே படை முழுவதும் களத்தில் நிற்கும் ஒரு இதயத்துக்கு நான் டோபமினால் இன்னும் ஆள் திரட்டினேன். நைட்ரேட் மாத்திரை ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, ஏற்கெனவே வற்றியிருந்த அறைக்கு வரும் ரத்தத்தையும் குறைத்திருந்தது.

ஈசிஜி, ட்ரோபோனின் இரண்டும் பொய் சொல்லவில்லை. தடித்த தசைக்கு ரத்தம் போதாமல் போனதன் அடையாளங்களே அவை. பிழை நான் அவற்றை வாசித்த விதத்தில் இருந்தது.

குடும்பம்

மூன்றாம் நாள் அவர் உட்கார்ந்து பேசும் நிலைக்கு வந்தபோது குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அப்பா 46 வயதில் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து இறந்திருக்கிறார். அண்ணன் 31 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார். “குலதெய்வக் குற்றம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள் சார். அதற்குத்தான் விரதம் இருந்தேன்” என்றார்.

அந்தச் சொல் என்னை ஏற்கெனவே படித்த ஒன்றிடம் கொண்டுபோனது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கோட்டிகுக் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாகத் திடீர் மரணங்களைக் கண்ட ஒரு பெரிய குடும்பம் இருந்தது. அங்கேயும் அதைச் சாபம் என்றே சொன்னார்கள். மான்ட்ரியல் மருத்துவர்கள் 1961இல் அந்தக் குடும்பத்தைப் பற்றி விரிவாக எழுதினார்கள். 1989இல் அவர்களுடைய நோய் 14ஆம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. 1990இல் பீட்டா மயோசினின் 403ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளுட்டமின் வந்திருப்பது கண்டறியப்பட்டது. இந்த நோய்க்கு முதன்முதலாகக் காரணம் அடையாளம் காணப்பட்டது அந்தக் குடும்பத்தில்தான். அதை அவரிடம் சொன்னேன். சாபம் என்று நினைத்திருந்த இன்னொரு குடும்பமும் உலகின் மறுபக்கத்தில் இருந்தது என்பதைக் கேட்டபோது அவர் அழுதார். வெகுநேரம் கழித்து, “அப்படியானால் என் பையனைப் பார்க்க வேண்டுமே” என்றார்.

நம் பக்கத்துக்கு உரிய ஒன்றையும் சேர்த்துச் சோதித்தோம். காவலாளிப் புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போகும் ஒரு மாற்றம் தெற்காசியரில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேரிடம் இருக்கிறது என்பதை, மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்ற 2009ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அதைச் சுமக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. எங்கள் நோயாளியிடம் அது இல்லை.

மகனுக்கு 19 வயது. தாயின் மரபணு மாற்றம் அவனிடம் இருந்தது. இடைச்சுவர் 15 மில்லிமீட்டர்; அடைப்பு இல்லை, தொந்தரவு எதுவும் இல்லை. 12 வயது மகளிடம் மாற்றம் இல்லை.

மகன் அப்போது காவலர் தேர்வுக்காகத் தினமும் காலையில் ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். இந்த நோய் உள்ளவர் எவரும் எந்த உடற்பயிற்சியும் செய்யக்கூடாது என்ற பழைய கடுமை இன்றைய வழிகாட்டுதல்களில் இல்லை. மிதமான பயிற்சி நன்மையே செய்யும். ஆனால் போட்டி ஓட்டம் வேறு. நெருங்கிய உறவினர் யாரையும் குறுக்கே பேச விடாமல், அவனிடம் தனியாக இரண்டு முறை நிபுணர் பேசினார். தாத்தா, மாமா இருவரின் மரணத்தையும் மறைக்காமல் சொன்னார். முடிவை அவன் எடுக்கட்டும் என்று விட்டார். ஒரு வாரம் கழித்து, ஓடப் போவதில்லை என்று வந்து சொன்னான்.

சிகிச்சைத் தேர்வு

வீட்டுக்குப் போகும்போது நோயாளியின் ஓய்வுநிலை அழுத்த வேறுபாடு 70. மூச்சை அடக்கி முக்கச் சொன்னால் 118. மெட்டோபுரோலாலை நாடித்துடிப்பு 54 வரும்வரை கூட்டிப் பார்த்தோம். ஆறு மாதம் கழித்தும் முதல் மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. சுருக்கத்தின் வலுவைக் குறைக்கும் டைசோபிரமைட் மாத்திரையைச் சேர்க்க நினைத்தோம்; எங்களால் அதைத் தொடர்ந்து வாங்க முடியவில்லை.

மீதி இருந்தவை: மிகுந்த தசையை அறுவை செய்து எடுப்பது, அந்தச் சுவருக்கு ரத்தம் தரும் குழாயில் ஆல்கஹால் செலுத்தித் தசையின் ஒரு பகுதியைக் கருக்குவது, அல்லது மயோசினையே நேராகக் கட்டுப்படுத்தும் மாத்திரையான மேவகாம்டென்.

மேவகாம்டென் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நோயின் வேரைத் தொடும் மருந்து அது. மயோசினோடு ஒட்டி, எழுந்து நிற்கும் தலைகளை மடிந்த ஓய்வு நிலைக்கு மீண்டும் அனுப்புகிறது. மயோசின் மாற்றம் கொண்ட எலிகளில் அது தசைத் தடிப்பைத் தடுத்ததை 2016இல் காட்டினார்கள். 2020இல் வெளியான 251 நோயாளிகளின் ஆய்வில், 30 வாரங்களில் மருந்து எடுத்தவர்களில் 37 சதவீதத்தினரும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 17 சதவீதத்தினரும் குறிப்பிட்ட அளவு முன்னேற்றம் கண்டார்கள். 2022 ஏப்ரலில் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது. ஆனால் அளவு மீறினால் இதயம் உண்மையிலேயே வலுவிழக்கும். கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியே போகும் பங்கான வெளியேற்ற விகிதம் 55 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தொடங்கக்கூடாது; 50க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். அடிக்கடி எக்கோ பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தமாக இருக்கும். நம் மக்களிடையே அப்படிப்பட்டவர்கள் ஐரோப்பியரைவிட அதிகம். வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டிய அதன் விலை, செக்கிங் பிரிவில் வாங்கும் சம்பளத்துக்கு எட்டும் தூரத்தில் இல்லை. மருந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு இல்லை என்றும் சொல்ல வேண்டியிருந்த அந்த உரையாடல் எனக்கு இன்னும் வலிக்கிறது.

வேறு நகரத்தில், இத்தகைய அறுவையில் பழகிய குழுவிடம் அனுப்பினோம். ஆல்கஹால் முறையை விட்டு அறுவையைத் தேர்ந்ததற்குக் காரணம், அவருடைய மைட்ரல் வால்வின் தாங்கு தசையும் இயல்பான இடத்தில் இல்லை. அதையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. எடுத்த தசைத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தபோது உயிரணுக்கள் வரிசை குலைந்து, குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன.

நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர் பதிவில் ஏழு துடிப்புகள் நீண்ட கீழறை மிகைத்துடிப்பு ஒன்று இருந்தது. அண்ணனின் திடீர் மரணத்தோடு சேர்த்துப் பார்த்து, அறுவைக்குச் சில வாரங்கள் கழித்து, ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் நிறுத்தும் கருவியும் பொருத்தப்பட்டது. அதற்கான பணத்தைத் திரட்ட உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும் நான்கு வாரம் அலைந்தார்கள்.

பின்தொடர்ந்தவை

அறுவைக்கு ஓராண்டு கழித்து அழுத்த வேறுபாடு 10. வெளியேற்ற விகிதம் முன்பு 76 சதவீதமாக இருந்தது, இப்போது 64. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவருடைய கணவர் கவலையோடு கேட்டார்: “குறைந்துவிட்டதே டாக்டர், இதயம் பலவீனமாகிவிட்டதா?” அவர் கேட்டது நியாயமான கேள்வி. எக்கோ அறிக்கையில் 76 என்று கண்டால் எத்தனையோ மருத்துவர்களே ‘இதயம் நன்றாக இருக்கிறது’ என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். இந்த நோயில் மிக உயர்ந்த விகிதம் நற்செய்தி அல்ல என்பதை அவருக்குக் கிணற்றுக் கயிற்றை உதாரணமாகச் சொல்லி விளக்கினேன்.

அவர் மீண்டும் வேலைக்குப் போகிறார். உட்கார்ந்து செய்யும் பிரிவுக்கு மாற்றிக்கொண்டார். விரதம் இருக்கும் நாட்களில் தண்ணீர் குடிக்கிறார். கருவி இதுவரை ஒருமுறையும் அதிர்ச்சி கொடுக்க நேரவில்லை. மகன் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். ஆண்டுக்கு ஒருமுறை எக்கோவுக்கு வருகிறான்.

எங்களிடம் மாறியவை

அவசரப் பிரிவில் இப்போது ஒரு விதி இருக்கிறது: அழுத்தம் குறைந்த நோயாளியிடம் முணுமுணுப்பு கேட்டால், இதயத்துக்கு வலு கூட்டும் மருந்தைத் தொடங்குமுன் எக்கோ கருவியை நெஞ்சில் வைத்தாக வேண்டும். முழு எக்கோ வேண்டாம். உள்ளறை பெரிதாக இருந்து மந்தமாக அசைகிறதா, சிறிதாக இருந்து பிழிந்துகொள்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை அன்று நான் செலவழித்திருந்தால், அவருடைய அழுத்தம் 64 வரை போயிருக்காது.

பணிப் பயிற்சி மருத்துவர்களுக்கு, நோயாளியின் நிலை அனுமதித்தால், நிற்கவைத்தும் குந்தவைத்தும் முணுமுணுப்பைக் கேட்கச் சொல்லித் தருகிறேன். எழுந்து நிற்கும்போது அறைக்கு வரும் ரத்தம் குறைகிறது, அடைப்பு கூடுகிறது, ஒலி ஓங்குகிறது. குந்தும்போது தணிகிறது. பெரும்பாலான வால்வு நோய்களில் இது நேர்மாறு. கருவி எதுவும் தேவைப்படாத சோதனை.

ஃபீனைலெஃப்ரின் அவசரப் பிரிவு அலமாரிக்கு வந்துவிட்டது. அடிவாரத்துக் கிளினிக்கின் மருத்துவரோடு பேசினேன். ரத்த அழுத்தம் பாராமல் நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், ‘குடும்பத்தில் 50 வயதுக்கு முன் திடீர் மரணம் உண்டா’ என்ற வரியைச் சேர்த்தவர் அந்த மூத்த செவிலியர்தான்.

இறந்துபோன அண்ணனின் மகன் மட்டும் இன்னும் பரிசோதனைக்கு வரவில்லை. வயது 24, லாரி ஓட்டுகிறான். தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று அத்தையிடம் சொல்லிவிட்டானாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் செவிலியர் அவனைத் தொலைபேசியில் அழைக்கிறார். சென்ற முறை வட மாநிலத்தில் எங்கோ வண்டியில் இருந்தான். தை மாதம் ஊருக்கு வரும்போது பார்க்கலாம் என்றான். பதிவேட்டில் அந்தத் தேதியைக் குறித்து வைத்திருக்கிறோம்.